மாரியப்பன் தங்கத்தைத் தவறவிட்டாரா?

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி. ஜப்பான் தலைநகரான டோக்கியோவில் மழை பெய்துகொண்டிருந்தது.

மாற்றுத் திறனாளிகளுக்கான பாராலிம்பிக் பந்தயத்தில் உயரம் தாண்டும் போட்டி நடந்தது. கடைசியில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த சாம் கிரேவ். மற்றவர் சேலம் ஜில்லா பெரிய வடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு.

குறுக்குக் கம்பி 1 மீட்டர் 88 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. நம் கணக்கில் ஆறு அடி இரண்டு அங்குலம். நன்றாக வளர்ந்த ஓர் ஆள் நிமிர்ந்து நின்றாலும் தலைக்கு மேலே இருக்கும் உயரம்.

இருவரும் இரண்டு தடவை முயன்றார்கள். இரண்டு தடவையும் இருவரும் தோற்றார்கள். மூன்றாவது தடவை கிரேவ் தாண்டிவிட்டார். மாரியப்பனால் முடியவில்லை.

கிரேவுக்குத் தங்கம். 1.86 மீட்டர் தாண்டிய மாரியப்பனுக்கு வெள்ளி. 1.83 மீட்டர் தாண்டிய இன்னொரு இந்திய வீரர் சரத் குமாருக்கு வெண்கலம். இரண்டு இந்தியர்கள் பதக்க மேடையில் நின்றார்கள்.

வெள்ளி கிடைத்ததே என்று மகிழ்ந்தவர்கள் பலர். "தங்கம் போய்விட்டதே!" என்று உச்சுக் கொட்டியவர்களும் உண்டு. காரணம், அதற்கு முந்தைய பாராலிம்பிக்கில் இதே மாரியப்பன்தான் தங்கம் வாங்கியவர். வாங்கியவர் மறுபடியும் வாங்குவார் என்பது ஊரார் போட்ட கணக்கு.

தோற்ற வீரரை எப்படி எடை போடுவது? ஓமலூர் சந்தையில் மாம்பழத்தை எடை போடுவது போல அது சுலபமான காரியம் அல்ல. ஆனாலும் எல்லோரும் போடுகிறார்கள். பந்தயம் முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்!

மழையா, சாக்கா?

பந்தயம் முடிந்ததும் மாரியப்பன் காரணம் சொன்னார். முதலில் தூறல்தான் இருந்தது, 1.80 மீட்டருக்குப் பிறகு மழை வலுத்தது. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்துவிட்டது. அதனால் தாண்டுவது கஷ்டமாக இருந்தது என்றார். தங்கம் வாங்கி, 1.96 மீட்டர் என்ற உலக சாதனையையும் எட்ட வேண்டும் என்றுதான் வந்ததாகவும் சொன்னார்.

இதைக் கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "பாவம், மழை கெடுத்துவிட்டது" என்றது ஒரு கட்சி. "மழை அமெரிக்கருக்கும் சேர்த்துத்தானே பெய்தது?" என்றது இன்னொரு கட்சி.

இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது.

ஓட்டு வீட்டின் மேலும் குடிசையின் மேலும் ஒரே மழைதான் பெய்கிறது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி ஒழுகுவதில்லை.

மாரியப்பனின் வலது காலுக்கு ஒரு கதை இருக்கிறது. அவருக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோகும்போது ஒரு பஸ் அந்தக் காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போயிற்று. அந்தக் கால் பிறகு சரியாக வளரவே இல்லை. செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் குடும்பத்தைக் காப்பாற்றிய தாயார், வைத்தியச் செலவுக்காக 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார்.

உயரம் தாண்டுகிறவர் சும்மா நின்ற இடத்திலிருந்து எம்புவதில்லை. ஓடி வரவேண்டும். கடைசி அடியில் ஒரு காலை அழுத்தி ஊன்ற வேண்டும். அந்த ஓட்டத்தின் வேகம்தான் ஆளை மேலே தூக்குகிறது. கால் ஒரு துளி வழுக்கினாலும், வழுக்கிவிடுமோ என்று மனம் ஒரு கணம் தயங்கினாலும், உயரம் குறைந்துவிடும். சேற்று வரப்பில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதிலும் ஒரு கால் சிறுத்துப்போனவர், தரை எப்படி இருக்கிறது என்பதை அந்தக் காலாலும் சேர்த்துத்தான் அறிய வேண்டும். ஈரக் காலுறை அவருக்குச் சின்ன விஷயம் அல்ல.

மழைக்கு முன்பே அவருக்கு ஒரு சோதனை வந்தது. தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திச் செல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் அவர் சென்ற விமானத்தில் வந்த ஒருவருக்குக் கொரோனா இருந்தது. அதனால் மாரியப்பனைத் தனிமைப்படுத்திவிட்டார்கள். கொடியை ஈட்டி எறியும் வீரர் தேக் சந்த் ஏந்தினார். பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அடைந்துகிடப்பது எந்த வீரருக்கும் நல்லது அல்ல.

இவ்வளவும் மாரியப்பன் பக்கத்து நியாயம்.

எதிர்ப் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? சாம் கிரேவ் என்ன, கல்லால் செய்த மனிதரா? 13 வயதில் அவருக்குக் காலில் எலும்புப் புற்றுநோய் வந்தது. பெரிய ஆபரேஷன் செய்தார்கள். அதன் பிறகு செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு தாண்டப் பழகியவர் அவர். அந்தச் செயற்கைக் காலின் மேலும் அதே மழைதான் பெய்தது. அவரும் இரண்டு தடவை தோற்றார். மூன்றாவது தடவையும் தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டும் என்ற நிலையில் தாண்டினார். அந்த வெற்றியை மழையின் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை. அந்த ஒரு தாண்டலில் அவர் நம்மவரைவிடச் சிறந்தவர். இதை ஒப்புக்கொள்வதால் சேலத்துக்குக் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

2016-ல் இதே கிரேவ், இதே மாரியப்பனிடம் தோற்றவர். அப்போது அவருக்கு 18 வயது.

ஒரு குறை

மாரியப்பனிடம் குறை காண ஓர் இடம் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது.

அவர் மனத்தில் வைத்திருந்த உயரம் 1.96. மைதானத்தில் தாண்டிய உயரம் 1.86. நடுவில் பத்து சென்டிமீட்டர் இருக்கிறது. மழை இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தின்றிருக்கலாம். பத்து சென்டிமீட்டரையும் மழையே தின்றது என்றால் நம்புவது கஷ்டம். 2019-ல் துபாயில் நடந்த உலகப் போட்டியில் அவர் 1.80 தாண்டி மூன்றாவதாகத்தான் வந்தார். 2016-ல் தாண்டிய 1.89-ஐப் பெரிய போட்டி எதிலும் அவர் மிஞ்சியிருக்கவில்லை. எனவே, டோக்கியோவில் மழை பெய்யாமல் இருந்தால் தங்கம் கிடைத்திருக்கலாம். உலக சாதனை கிடைத்திருக்கும் என்று சொல்வது ஆசையே தவிரக் கணக்கு அல்ல.

ஆசைப்படுவது தப்பா என்றால், தப்பே இல்லை. 1.86 தாண்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர் 1.80 கூடத் தாண்டமாட்டார். ஆசையின் உயரத்தை வைத்து வீரரைக் கொண்டாடலாம். அந்த உயரத்தைத் தொடவில்லை என்று சொல்லி அவரைத் தண்டிக்கக் கூடாது.

நான்கு சென்டிமீட்டர்

இப்போது ஒரு விசித்திரத்தைப் பாருங்கள்.

2016 செப்டம்பரில் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் மாரியப்பன் தாண்டியது 1.89 மீட்டர். கிடைத்தது தங்கம்.

2021-ல் டோக்கியோவில் தாண்டியது 1.86. கிடைத்தது வெள்ளி.

2024 செப்டம்பரில் பிரான்சு நாட்டின் பாரிசில் தாண்டியது 1.85. கிடைத்தது வெண்கலம்.

தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் அவருடைய தாண்டலில் உள்ள வித்தியாசம் நான்கே சென்டிமீட்டர்! இரண்டு விரல்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். எட்டு ஆண்டுகளில் அந்த மனிதர் இரண்டு விரல் அகலம்தான் மாறியிருக்கிறார். ஆனால் அவரைப் பற்றிய பேச்சு எவ்வளவு மாறிவிட்டது! ரியோவுக்குப் பிறகு வீரத் திருமகன் என்றார்கள். முதல்-மந்திரி ஜெயலலிதா 2 கோடி ரூபாய் பரிசு அறிவித்தார். மறு வருஷம் பத்மஸ்ரீ வந்தது. டோக்கியோவுக்குப் பிறகும் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 2 கோடி ரூபாய் அறிவித்தார். அரசாங்கம் வெள்ளியையும் மதித்தது. உச்சுக் கொட்டியது திண்ணைதான்.

பதக்கத்தின் நிறத்தை வீரர் ஒருவராகத் தீர்மானிப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவரும் சேர்ந்து தீர்மானிக்கிறார். ரியோவில் இரண்டாவது, மூன்றாவது இடத்துக்கு வந்த கிரேவும் இந்தியாவின் வருண் சிங் பாட்டியும் ஆளுக்கு 1.86 தாண்டினார்கள். அதே 1.86-ஐத்தான் மாரியப்பன் டோக்கியோவில் தாண்டினார். பாரிசில் 19 வயது அமெரிக்க இளைஞர் எஸ்ரா பிரெச் 1.94 தாண்டினார். சரத் குமார் 1.88 தாண்டினார். மாரியப்பன் தம்முடைய ரியோ உயரத்தையே அங்கே தாண்டியிருந்தாலும் வெள்ளிதான். 1.94 தாண்டுகிற பையன் பிறந்து வளர்ந்து வந்து நின்றால், 29 வயது மாரியப்பன் அதற்கு என்ன செய்வார்?

அவர் என்ன தாண்டினார் என்பது ஒரு கேள்வி. மற்றவர்கள் என்ன தாண்டினார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே தராசில் போட்டுக் குழப்புவதால்தான் தீர்ப்புகள் கோணலாகின்றன.

உயரம் தாண்டுவதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் வென்றவர் வெற்றியோடு கோட்டைத் தாண்டி ஓடுவார். இதில் அப்படி இல்லை. கம்பியை உயர்த்திக்கொண்டே போவார்கள். தொடர்ந்து மூன்று தடவை தோற்றால் வெளியே வரவேண்டும். தங்கம் வாங்கியவரும் மேலும் தாண்டிப் பார்ப்பார். பெரும்பாலும் கடைசியில் கம்பியைத் தட்டிவிட்டுத்தான் வெளியே வருவார். யாரும் அதைத் தோல்வி என்று சொல்வதில்லை. இரண்டாமவர் கம்பியைத் தட்டினால் மட்டும் தோல்வி!

கோட்டைக் காப்பவரின் கதி

சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் இந்தக் கோணல் இன்னும் அதிகம். பதினோரு பேர் ஆடுவார்கள். தோற்றால் ஒரே ஒருவர் தலையில் விழும்.

1950-ல் பிரேசிலில் உலகக் கால்பந்துப் போட்டி நடந்தது. கடைசி ஆட்டத்தில் பிரேசிலும் உருகுவேயும் மோதின. ஆட்டம் சமனாக முடிந்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரேசில் 2-க்கு 1 என்று தோற்றது. பழி முழுவதும் கோல் காப்பாளர் பார்போசா மேல் விழுந்தது. முன்னால் நின்ற பத்துப் பேர் ஏன் இன்னொரு கோல் போடவில்லை என்று யாரும் கேட்கவில்லை! 2000-ம் ஆண்டில் சாகும்வரை அவரை அந்தப் பழி விடவில்லை. அப்போது பிரேசிலில் கடுமையான தண்டனையே முப்பது வருஷமாகத்தான் இருந்தது. தாம் ஐம்பது வருஷம் அனுபவித்துவிட்டதாக அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.

ஐம்பது வருஷம்! ஒரு பந்துக்காக!

நம் நாட்டில் அவ்வளவு கொடுமை நடப்பதில்லை. நம்முடைய வழக்கம் வேறு. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி.உஷா நான்காவதாக வந்தார். அவர் 55.42 வினாடியில் ஓடினார். மூன்றாவதாக வந்தவர் 55.41 வினாடியில் ஓடினார். நூறில் ஒரு பங்கு வினாடி. கண் இமைக்கும் நேரத்தில் எத்தனையோ பங்கு குறைவு. அந்த நூறில் ஒரு பங்கைப் பற்றி நாற்பது வருஷமாகப் பேசுகிறோம். மீதி 55 வினாடியும் அந்தப் பெண் எப்படி ஓடினார் என்பதைப் பேசுவது குறைவு. ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்த பெண் என்பது ஏனோ நமக்குத் தித்திப்பதில்லை.

சேலம் ஜில்லாவிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. சின்னப்பம்பட்டி நடராஜனை 2017-ல் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆறு ஆட்டங்களில் இரண்டே விக்கெட் கிடைத்தது. அடுத்த வருஷம் ஐதராபாத் அணிக்குப் போனார். இரண்டு வருஷம் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வெளியே உட்கார்ந்திருந்தார். அந்தச் சமயத்தில் நடராஜனை எடை போட்டவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? 2020-ல் ஆட இடம் கிடைத்தது. 16 விக்கெட் எடுத்தார். அந்த வருஷக் கடைசியில் இந்திய அணிக்காக ஆஸ்திரேலியாவில் பந்து வீசினார். 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். பந்து நடராஜன் கையில். ஆறு ரன்தான் கொடுத்தார். இந்தியா 7 ரன்னில் வென்றது.

2017-ல் இருந்தவரும் இதே நடராஜன்தான். இதே இடது கைதான். ஆறு ஆட்டத்தை வைத்து ஆளைத் தீர்த்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வீட்டிலும் இதே தராசு

இது மைதானத்தோடு நிற்கிற சமாசாரமும் அல்ல. நாமக்கல்லில் இருந்து மேட்டூர் வரை எத்தனையோ வீடுகளில் பரீட்சை முடிவு வரும் நாளில் இதே தராசுதான் தூக்கப்படுகிறது. பையன் போன தடவை முதலாவதாக வந்தான். இந்தத் தடவை இரண்டாவது. "ஏண்டா, என்ன ஆச்சு?" என்று தகப்பனார் கேட்கிறார். "கேள்வி கஷ்டமா இருந்துச்சுப்பா" என்கிறான் பையன். "உனக்கு மட்டுமா கஷ்டம்? எல்லாருக்கும்தானே!" என்று வாயை அடைத்துவிடுகிறார்.

மார்க்கு எவ்வளவு என்று அவர் பார்த்தாரா? போன தடவை 89. இந்தத் தடவை 86. பையன் இறங்கியது மூன்று மார்க்கு. அந்த மூன்று மார்க்கு எங்கே போயிற்று என்று உட்கார்ந்து விசாரிப்பதுதான் தகப்பனார் வேலை. கணக்கில் தப்புச் செய்தானா, நேரம் போதவில்லையா, காய்ச்சலோடு எழுதினானா? அதைக் கேட்டால் பையன் உண்மையைச் சொல்வான். வாயை அடைத்தால் அடுத்த தடவை பொய் சொல்லக் கற்றுக்கொள்வான்.

தோற்ற அன்று ஒருவர் சொல்லும் காரணத்தைச் சாக்கு என்று தூக்கி எறிவது சுலபம். அது சாக்கா, காரணமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அவர் அதற்குப் பிறகு என்ன செய்கிறார் என்று பொறுத்துப் பார்க்க வேண்டும். சாக்குச் சொல்கிறவர் அத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிடுவார். காரணம் சொல்கிறவர் மறுபடியும் பயிற்சிக்குப் போவார்.

மாரியப்பன் போனார். சறுக்கல்கள் இல்லாமலும் இல்லை. 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் போட்டியில் 1.80தான் தாண்டினார். அங்கே இந்தியாவின் சைலேஷ் குமார் 1.82 தாண்டித் தங்கம் வாங்கினார், மாரியப்பனுக்கு வெள்ளி. அப்போதும் அவர் நிறுத்தவில்லை. மறு வருஷம் பாரிசில் வாங்கிய வெண்கலத்தோடு, தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. இதையும் "வெறும் வெண்கலம்" என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். இருக்கட்டும்.

டோக்கியோவில் நடந்ததற்கு ஒரு தீர்ப்பு வேண்டும் என்றால், அது பாரிசுக்கு மூன்றரை மாதம் முன்பே வந்துவிட்டது. 2024 மே 21-ந் தேதி கோபே நகரில் மாற்றுத் திறனாளிகளுக்கான உலகத் தடகளப் போட்டி நடந்தது. கோபேயும் ஜப்பானில்தான் இருக்கிறது. பாரிசில் பிறகு 1.94 தாண்டப்போகும் பிரெச் அங்கே 1.85 தாண்டி இரண்டாவதாக வந்தார். சாம் கிரேவ் 1.82 தாண்டி மூன்றாவதாக வந்தார். மாரியப்பனுக்குத் தங்கம்.

அன்று அவர் தாண்டிய உயரம் 1 மீட்டர் 88 சென்டிமீட்டர்.